அத்தையைப் பற்றி மருத்துவரிடம் ஏன் சொல்லவில்லை?

கேள்வி: எனக்கு 29 வயது. கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்ட நகரத்தில் செம்பனை ஆலை அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். இடது மார்பில் சின்னக் கட்டி. பயாப்ஸி செய்து, புற்றுநோய், முதல் நிலை என்றார்கள். அறுவை சிகிச்சைக்குத் தேதியும் கொடுத்துவிட்டார்கள். ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம், இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது, அறுவையையும் தள்ளிப்போடு என்கிறார் அம்மா. தங்கைக்கே சொல்லவில்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. முடி கொட்டுமா, மார்பை எடுத்துவிடுவார்களா, என்னை இனி யார் கட்டிக்கொள்வார்கள் என்று ஓயாத யோசனை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இது வந்ததில்லை; டாக்டர் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னேன். அம்மா வழியில் எல்லோரும் எண்பது தாண்டியவர்கள். அப்பாவின் அக்கா மட்டும் நான் பிறப்பதற்கு முன்பே முப்பத்தாறு வயதில் நெஞ்சுப் புண்ணால் இறந்தாராம். ரவிக்கைக்குள் துணி வைத்துக்கொண்டு ரப்பர் பால்வெட்டப் போவார் என்று பாட்டி சொல்வார். மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு வழி சொல்லுங்கள், அம்மா.

பதில்: மனதைத் தேற்றுவதைப் பிறகு பார்க்கலாம், மகளே. "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இது வந்ததில்லை" என்று எழுதிய கையோடு அத்தையைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் எழுதியது ஒரே கைதானே? சேர்த்து ஒருமுறை படித்துப் பார்.

முப்பத்தாறு வயதுப் பெண். மார்பில் ஆறாத புண். நீர் வடிவது ரவிக்கையை நனைக்காமல் இருக்கத் துணி மடித்து வைத்துக்கொண்டு, இருட்டோடு எழுந்து வாளியும் கத்தியுமாகப் பால்மரத்துக்குப் போகிறாள். பரிசோதனை செய்து பார்க்காத நோயை நான் இன்னதென்று சாதிக்க முடியாது. ஆனால் கவனிக்காமல் விட்ட மார்புப் புற்றுநோய் தோலை உடைத்துக்கொண்டு வெளியே வரும்போது இப்படித்தான் இருக்கும்.

அந்தத் துணியை யார் துவைத்தார்கள், யோசித்தாயா? தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குழாயடி எல்லோருக்கும் பொது, துணி காயப்போடும் கம்பியும் பொது. தினமும் கறையோடு ஒரு துணி வருகிறது, புண்ணின் வாடை வருகிறது. உன் பாட்டிக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் ஆண் பிள்ளை, அவரிடம் போய் மார்பைத் திறந்து காட்ட அத்தைக்குக் கூச்சம். "வா, நான் கூட வருகிறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக ஓர் ஆள் இல்லை. பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்கள். அதற்குக் குடும்ப மானம் என்று பெயர் வேறு!

இப்போது நீ செய்வது என்ன? மருத்துவர் நேருக்கு நேர் கேட்டபோது அத்தையை விட்டுவிட்டாய். அப்பா வழி கணக்கில் வராது என்று நினைத்தாயோ என்னவோ, நம் பெண்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது தவறு. பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்று இரண்டு மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் பழுது இருந்தால் மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் கூடிவிடுகிறது. அந்தப் பழுது தாயிடமிருந்து எப்படி வருமோ அப்படியே தகப்பனிடமிருந்தும் வரும். தகப்பன் ஆயுள் முழுக்கச் சுகமாக இருந்துவிட்டு மகளுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம். உன் அப்பாவிடம் அது இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வரச் சரிபாதி வாய்ப்பு உண்டு.

உன் வீட்டில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. மார்புப் புற்றுநோயில் 100-ல் 5 முதல் 10 வரைதான் பரம்பரையாக வருபவை. ஆனால் 29 வயதில் உனக்கு, 36 வயதில் இறந்துபோன அத்தை என்றால் எந்த மருத்துவரும் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார். உனக்குச் செய்யும் அறுவையே மாறலாம். அதனால் அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டும். நாளைக் காலையில் கிளினிக்குக்குத் தொலைபேசி செய்து, "குடும்பத்தில் இல்லை என்று சொன்னது தவறு, அப்பாவின் அக்காவுக்கு இருந்திருக்கலாம்" என்று சொல். மரபணு ஆலோசனைக்கு அனுப்ப முடியுமா என்றும் கேள்.

இப்போது தங்கைக்கு வருகிறேன். இப்படி மறைத்து வைத்த கடிதங்கள் எனக்கு வராத மாதம் குறைவு. எல்லாவற்றிலும் ஒரே காரணம்தான்: "அவள் கல்யாணம் நின்றுவிடும்." உன் அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. பெண்ணைப் பெற்றவள், மாப்பிள்ளை வீட்டார் வாய்க்குப் பயப்படுகிறாள். உன் மேல்தான் கோபம். படித்தவள், சம்பாதிக்கிறவள், அம்மா சொன்னதற்குத் தலையாட்டிவிட்டுத் தியாகம் செய்வதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். தங்கைக்காகவா மறைக்கிறாய்? இந்தச் செய்தி உனக்கு அடுத்தபடி யாருக்குத் தேவையோ அவளுக்கே மறைக்கிறாய். மரபணுப் பரிசோதனையை முதலில் நோய் வந்தவருக்குத்தான் செய்வார்கள். உன்னிடம் பழுது இருப்பது தெரிந்தால் அவள் தன்னையும் சோதித்துக்கொண்டு, எந்த வயதிலிருந்து என்ன ஸ்கேன் என்று மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம். வாசல் சாவி உன் இடுப்பில் இருக்கிறது. அவளை வெளியே நிறுத்திவைத்திருக்கிறாய்.

கூடப் பிறந்தவளுக்குச் செய்யும் கடமை நகை போடுவதும் பந்தியில் நின்று பரிமாறுவதும் மட்டுமா? அக்காவுக்கு நோய் என்பதற்காகக் கல்யாணத்தை நிறுத்துகிற குடும்பம், நாளைக்கு உன் தங்கை படுத்தால் என்ன செய்யும்? அதைத் தாலி ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது அவளுக்கு நல்லதுதான். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். அவளுடைய கல்யாணம் அது.

அறுவையை நான்கு மாதம் தள்ளிப்போடும் பேச்சை இன்றோடு விட்டுவிடு. மலேசியப் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் இதுதான். இது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மூன்றாம், நான்காம் நிலையில்தான் மருத்துவமனைக்கு வந்து சேர்கிறார்கள். தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு 2018-ல் வெளியிட்ட கணக்குப்படி, முதல் நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 100-க்கு 87 பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி இருக்கிறார்கள். நான்காம் நிலையில் 23 பேர். உன் அத்தைக்குக் கிடைக்காத இடத்தில் நீ நிற்கிறாய். அங்கே நின்றுகொண்டு முகூர்த்த நாள் பார்க்கிறாய்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நிலை என்றால் எல்லோருக்கும் கீமோதெரபி என்ற மருந்துச் சிகிச்சை இல்லை. கட்டியின் வகையைப் பொறுத்தது. கொடுத்தால் முடி கொட்டலாம், பிறகு முளைக்கும். சின்னக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தாலும், முழு மார்பையும் எடுத்தவர்கள் அளவுக்கு ஆயுள் உண்டு என்பது பல ஆண்டு ஆய்வுகளில் தெளிவானது. ஆனால் மரபணுவில் பழுது இருந்தால் அந்தப் பேச்சே வேறாகலாம், அதற்கும் அத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டிக்கொள்ள யார் வருவார்கள் என்று கேட்ட நீ, பிள்ளை பெற முடியுமா என்று கேட்கவில்லை. அதைக் கேள். கீமோ சினைப்பையைப் பாதிக்கலாம். கருமுட்டையைச் சேமித்து வைப்பது பற்றிப் பேசுவதென்றால் முதல் ஊசிக்கு முன்பே பேச வேண்டும்.

செலவுக்கும் வேலைக்கும் பயப்படாதே. அரசாங்க மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி (ரிங்கிட்). தொழிலாளர் சட்டப்படி வார்டில் சேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு, ஆலை நிர்வாகியிடம் கேட்டு வாங்கு. ஊழியர் சேமநிதியில் கடுமையான நோய்க்குப் பணம் எடுக்கலாம், புற்றுநோய் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தேதி, ஸ்கேன், பஸ் எல்லாவற்றையும் நினைத்து மலைத்துப்போய்ப் பாதியில் நின்றுவிடுகிறவர்களுக்காகவே கிள்ளான் பெரிய மருத்துவமனையில் 2014-ல் நோயாளிகளுக்கு வழிகாட்டும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். நீ போகும் இடத்திலும் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று கேள். பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்றால் அதையும் வாய் திறந்து கேள்.

அம்மா முனீஸ்வரருக்கு நேர்ந்துகொள்கிறார் என்றால் நேர்ந்துகொள்ளட்டும், போகிற வழியில் விபூதி வைத்துவிட்டுப் போ. வேர், கஷாயம் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு.

இந்த ஞாயிற்றுக்கிழமை தங்கையை உட்காரவைத்துச் சொல். அப்பாவையும் கூட வைத்துக்கொள். அத்தைக்கு எத்தனை வயதில் புண் வந்தது, அப்பா வழியில் வேறு யாருக்காவது இருந்ததா என்று அவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி, அறுவைக்குப் போகும் முன் மருத்துவரிடம் கொடு. அம்மா கத்தினால் இந்தப் பக்கத்தைக் காட்டு. திட்டுவதை எல்லாம் என் பெயருக்கு எழுதி அனுப்பச் சொல், பிரசுரிக்கிறேன்.