காலைச் சுடும் எம்.ஜி.பி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 1960களில் வந்த எம்.ஜி.பி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பிரிட்டிஷ் இரு சீட் கார்) வைத்திருக்கிறேன். தூத்துக்குடி போய்ச் சேர்வதற்குள் இடது சீட்டில் இருப்பவருக்குக் கால் வைக்க முடியவில்லை. பட்டறையில் தரை முழுக்க இரண்டு அடுக்கு தார் ஷீட் ஒட்டினார்கள். சூடு அப்படியே இருக்கிறது. தார் வாடை புதிதாகச் சேர்ந்துகொண்டது. என்ன செய்யலாம்?
– வாசகர், கீழக்கரை

பதில்: தார் ஷீட் தகரத்தின் அதிர்வை அடக்கத்தான். சூட்டை அது தடுக்காது, சூடேறினால் இளகி மணக்கும். முதல் வேலையாக அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

இடது பக்கம் மட்டும் சுடுவதில் ஆச்சரியம் இல்லை. இந்த 1798 சிசி இன்ஜினில் கார்புரேட்டர், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் குழாய்) இரண்டும் இடப்பக்கம்தான். ஆனால் ஷீல்டு (சூட்டை மறிக்கும் தகடு) அடிக்கும் முன் மேனிஃபோல்டு ஏன் இவ்வளவு காய்கிறது என்று பாருங்கள். டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) பின்தங்கியிருந்தால் பெட்ரோல் தாமதமாக எரியும். பிஸ்டனைத் தள்ள வேண்டிய சூடு வெளியே போய்விடும். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். இழுவை நிற்காமல் விட்டுப்போனால், டைமிங்கை முன்நகர்த்தும் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. டைமிங் சரியான பிறகே மிக்ஸ்சர் (பெட்ரோல்-காற்றுக் கலவை). எஸ்.யு. கார்புரேட்டரின் பிஸ்டனை, 'லிஃப்டிங் பின்' என்ற சிறு ஊசியை அழுத்தி 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். ஓட்டம் ஒரு கணம் லேசாக ஏறி, பழையபடி நின்றால் சரி. ஏறியது ஏறியபடியே இருந்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்). தடுமாறி அணையப் பார்த்தால் லீன் (பெட்ரோல் குறைவு). லீனாக ஓடும் இன்ஜின் சூட்டைக் கக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேனிஃபோல்டு பக்கம் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் அடங்கினால் கேஸ்கெட் கசிவு. கசியும் இடத்தில் கரி படிந்திருக்கும். இன்லெட் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சில ஸ்டட்களை (திருகாணிகளை) பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டின் ஃபிளாஞ்சும் (முடுக்கும் விளிம்பு) ஒரே தடிமனில் இல்லாவிட்டால் பெரிய வாஷர் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் விட்டுவிடும். இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

அடுத்தது ஓட்டைகள். இரவில் இன்ஜின் பக்கம் பளிச்சென்ற விளக்கை வைத்து, பானட்டைச் சாத்தி, உள்ளே கார்பெட்டை எடுத்துவிட்டு இருட்டில் உட்காருங்கள். ஸ்பீடோமீட்டர் கேபிள், வயரிங், பானட் கேபிள் நுழையும் இடங்களில் க்ரோமெட் (ஓட்டையை அடைக்கும் ரப்பர் வளையம்) உலுத்துப்போய் வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். (ஊதுபத்திப் புகையில் பார்க்கலாம் என்பார்கள். கார்புரேட்டர் அருகே நெருப்பு வேண்டாம்.) கியர் லீவரின் அடி ரப்பர் கிழிந்திருந்தால் டனலின் (கியர்பாக்ஸை மூடும் நடுத் தரைமேட்டின்) அனல் முழுக்க அந்த வழியாக மேலே வரும். க்ரோமெட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். மிச்ச இடைவெளிக்கு அதிகச் சூடு தாங்கும் சிலிக்கான்.

ஹீட்டர் டேப்பையும் (ஹீட்டருக்கு வெந்நீரைத் திறந்து மூடும் குழாய்த் திருகு) விட்டுவிடாதீர்கள். சிலிண்டர் ஹெட்டில் இருக்கும் அது மூடியிருந்தாலும் பழசானால் வெந்நீரை விடும். வென்ட்டில் வரும் காற்று ஹீட்டர் பெட்டியைத் தாண்டித்தான் வருகிறது. டேப்பை மூடி அரை மணி நேரம் ஓட்டியபின், டேப்பிலிருந்து ஹீட்டருக்குப் போகும் குழாயைத் தொடுங்கள். கை சுட்டால் டேப்பை மாற்றுங்கள். நம்மூரில் ஹீட்டருக்கு என்ன வேலை!

இத்தனைக்கும் பிறகு சூடு மிஞ்சினால்தான் ஷீல்டு. எக்ஸாஸ்ட் பைப்புக்கும் தரைக்கும் நடுவே 1 மி.மீ. அலுமினியத் தகடு, தரையிலிருந்து அரை அங்குலம் விலகி நிற்கும்படி. முன்னும் பின்னும் திறந்திருந்தால் ஓடும்போது காற்று நுழைந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும். தரையோடு ஒட்டி முறுக்கிவிட்டால் தகடும் தரையும் சேர்ந்தே காயும். உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்பும் நேரடியாகத் தொட்டால் அரிப்பு சீக்கிரம் பிடிக்கும்; தொடும் இடங்களில் எபாக்ஸி ப்ரைமர் அடித்து, மேலே சீலன்ட் வைத்து முடுக்குங்கள்.

உள்ளே 6 மி.மீ. குளோஸ்டு செல் ஃபோம் (ஈரம் குடிக்காத வகை) போதும். தென்னை நார், சணல் ஃபெல்ட் கூடாது. ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு தரையை அடியோடு தின்றுவிடும். பளபளக்கும் ஃபாயிலைக் கார்பெட்டுக்கு அடியில் இறுக்கி விரிப்பது வீண் செலவு. எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான் அது சூட்டைத் திருப்பி அனுப்பும்.

வேலைக்கு முன்னும் பின்னும் டெம்பரேச்சர் கன்னால் ஒரே இடத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பளபளப்பான தகட்டில் அந்தக் கருவி குறைவாகக் காட்டி ஏமாற்றும். அங்கே ஒரு பொட்டு கறுப்பு மேட் பெயின்ட் வைத்து அதன்மேல் அளக்க வேண்டும்.

கேள்வி: மேனிஃபோல்டிலிருந்து சைலன்சர் வரை ஹீட் டேப் (சூடு தாங்கும் நாடா) சுற்றச் சொல்கிறார் நண்பர். சுற்றலாமா?
– வாசகர், மண்டபம்

பதில்: உங்கள் ஊரில் வேண்டாம். தனுஷ்கோடி சாலையில் ஒருமுறை போய்வந்தால் உப்புத் தூவல் டேப்புக்குள் இறங்கிவிடும். வண்டி நிற்கும் நாளெல்லாம் அந்த ஈரம் இரும்புப் பைப்பை அரிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் டேப்பை அவிழ்த்தால் பைப் துகளாக உதிரும். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் சுற்றினால் சூடு உள்ளேயே தங்கி விரிசல் விடவும் வாய்ப்புண்டு. காசு செலவழிப்பதென்றால் செராமிக் கோட்டிங்குக்குச் செலவழியுங்கள். கடற்கரைப் பயணம் முடிந்ததும் ஷீல்டின் இடைவெளியிலும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: அனல் வெளியேறட்டும் என்று வாஷர் வைத்து பானட்டின் பின்பக்கத்தை முக்கால் அங்குலம் தூக்கினேன். இப்போது காருக்குள் சூடும் பெட்ரோல் வாடையும் கூடிவிட்டன. ஏன்?
– வாசகர், ராமநாதபுரம்

பதில்: ஓடும் வண்டியில் கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்றழுத்தம் அதிகம். அங்கே இடைவெளி விட்டால் அனல் எளிதில் வெளியேறாது. ஃப்ரெஷ் ஏர் கிரில்லும் அங்கேதான் இருக்கிறது. வெளியே வந்த கொஞ்சமும் அதில் புகுந்து உங்கள் மடிக்கே வந்துசேரும். வாஷரை எடுத்துவிட்டு, பின் ஓரத்து ரப்பர் பீடிங்கைப் புதுப்பியுங்கள். ரேடியேட்டரின் ஓரங்களில் காற்று சுற்றிக்கொண்டு போகாதபடி ஃபோம் அடையுங்கள். பெட்ரோல் வாடை மட்டும் அதன் பிறகும் நிற்காவிட்டால், கசிவைக் கண்டுபிடிக்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

ஆடி மாதத்தில் சாயல்குடியிலிருந்து கீழக்கரைப் பக்கம் வரும்போது காற்று முதுகில் அடிக்கும். அப்போது ரேடியேட்டர் வழியாக இன்ஜின் பக்கம் போகும் காற்று குறைந்து சூடு சற்றுக் கூடவே செய்யும். அதைப் பார்த்துப் பயந்து எதையும் கழற்ற வேண்டாம்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டை (தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) எடுத்துவிட்டால் கேபின் சூடு குறையுமா?
– வாசகர், தொண்டி

பதில்: குறையாது. ஹீட்டர் டேப் சரியாக இருந்தால், சுடுவது எக்ஸாஸ்ட், தண்ணீர் அல்ல. 74 டிகிரி தெர்மோஸ்டாட் போடுங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாமல், கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுங்கள்.