தோற்றால் கோப்பை வருமா?

கேள்வி: ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி வேண்டுமென்றே தோற்று, டிராஃப்ட் பிக்குகளைக் குவித்து, 2025இல் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் சாம்பியன் ஆகிவிட்டது. அதையே யூட்டா அணி செய்தால் மட்டும் ஏன் திட்டுகிறார்கள்? நட்சத்திர வீரர் ஒருவருக்காக எதிர்கால பிக்குகளை எல்லாம் டிரேடில் தூக்கிக் கொடுக்கிற அணிகள்தானே உண்மையான முட்டாள்கள்?
- ஒரு வாசகர், கோவை

பதில்: உங்கள் கேள்வியின் பின்பாதியில் கொஞ்சம் நியாயம் உண்டு. முன்பாதியில் கணக்கு உதைக்கிறது. புதியவர்களுக்கு ஒரு வரி: இளம் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுப்பது டிராஃப்ட், அதில் ஒரு ஆளை எடுக்கும் உரிமை பிக். தோற்கிற அணிக்கு வரிசையின் முன்பக்கம் இடம் கிடைக்கும்; பிக்குகளை அணிகள் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளலாம்.

கோப்பை தூக்கிய அந்த அணியை வரிசையாகப் பாருங்கள். ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர், அந்த ஆண்டின் எம்விபி, அதாவது லீக்கின் மிகச் சிறந்த வீரர். 2018 டிராஃப்டில் 11ஆவதாக எடுக்கப்பட்டவர். எடுத்தது தண்டர்கூட இல்லை. இறுதிச்சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் 40 புள்ளி குவித்த ஜேலன் வில்லியம்ஸ், 12ஆவது பிக். லூ டார்ட், அலெக்ஸ் கரூசோ இருவரையும் டிராஃப்டில் யாரும் சீண்டவே இல்லை. 43ஆவது பிக்கான ஹார்ட்டென்ஸ்டீன் சம்பளம் பேசிக் கூட்டி வரப்பட்டவர். ஆரன் விக்கின்ஸ் 55ஆவது. தோற்றதற்குப் பரிசாகக் கிடைத்தவர் என்றால், 2022இல் இரண்டாவது பிக்காக வந்த செட் ஹோம்கிரன் ஒருவர்தான். 2021இல் ஆறாவதாக எடுத்த ஜாஷ் கிடியைக் கொடுத்துத்தான் சிகாகோவிடமிருந்து கரூசோவை வாங்கினார்கள் என்பதையும் சேர்த்தால், ஒன்றரை ஆள்.

தோற்றார்கள் என்பது உண்மை. 2020-21இல் 22-50 (22 வெற்றி, 50 தோல்வி), அடுத்த பருவம் 24-58. 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 73 புள்ளி வித்தியாசத்தில் உதை வாங்கினார்கள். என்பிஏ வரலாற்றில் அதுவரை யாரும் அப்படித் தோற்றதில்லை. ஆனால் கோப்பைக்கு அடித்தளம் போட்டது அந்தத் தோல்விகள் இல்லை. 2019 ஜூலையில் நடந்த ஒரு வியாபாரம்.

நட்சத்திர வீரர் காவாய் லெனர்டை எப்படியாவது இழுக்க வேண்டும் என்று லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் தவித்துக்கொண்டிருந்த நேரம். பால் ஜார்ஜும் பக்கத்தில் இருந்தால் வருகிறேன் என்பது லெனர்டின் நிபந்தனை. ஜார்ஜ் இருந்தது தண்டரில். எதிராளிக்கு வேறு வழி இல்லை என்பது தண்டர் அணியின் நிர்வாகி சாம் பிரெஸ்டிக்குத் தெரியும். ஜார்ஜைக் கொடுத்து அவர் வாங்கியது: கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர், கலினாரி, ஐந்து முதல் சுற்று பிக்குகள், இரண்டு ஸ்வாப் உரிமைகள் (இருவர் பிக்கில் எது மேலோ அதைத் தான் எடுத்துக்கொள்ளலாம்). அதில் ஒரு பிக்தான் பின்னால் ஜேலன் வில்லியம்ஸ் ஆனது. அது 12ஆவது இடம் வரை ஏறியது எதனால்? லெனர்ட் முழங்கால் காயத்தால் 2021-22 பருவம் முழுக்க ஆடாமல், கிளிப்பர்ஸ் பிளேஆஃபுக்கே (கோப்பைக்கான கடைசிக் கட்டம்) போகாததால். அப்புறம் 2024இல் ஜார்ஜ் கிளிப்பர்ஸை விட்டுப் போனபோது பதிலுக்கு அவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

தண்டர் தோற்றுச் சேர்த்ததைவிட, அவசரக்காரனிடம் விற்றுச் சேர்த்தது அதிகம். பாஸ்டனும் அப்படித்தான். 2013இல் வயதான கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் புரூக்ளின் தலையில் கட்டி, பல வருட பிக்குகளை வாங்கியது. தோற்றதெல்லாம் புரூக்ளின்; பிக்கை அனுபவித்தது பாஸ்டன். 2017இல் கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்த அதே அணியின் கையில் டிராஃப்டின் முதல் பிக்கும் இருந்தது! அதைப் பிலடெல்ஃபியாவுக்கு விற்று, மூன்றாவது பிக்கையும் இன்னொரு பிக்கையும் வாங்கிக்கொண்டார்கள். பிலடெல்ஃபியா எடுத்தது மார்கெல் ஃபுல்ட்ஸை. பாஸ்டன் எடுத்தது ஜேசன் டேட்டமை.

அந்தப் பிலடெல்ஃபியாதான் நீங்கள் சொல்லும் வித்தையைக் கூச்சமில்லாமல் செய்த அணி. 2013 முதல் மூன்று பருவங்களில் 19, 18, 10 வெற்றிகள். எம்பீட் கிடைத்தார், மறுக்கவில்லை. பென் சிம்மன்ஸும் கிடைத்தார். 2025 வரை பிளேஆஃபின் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. அவர்கள் 2022இல் வேண்டாம் என்று கழற்றிவிட்ட ஐசையா ஜோ, தண்டரில் சேர்ந்து சாம்பியன் ஆகிவிட்டார்.

போதாக்குறைக்கு, தோற்பதன் பலனும் இறங்கிவிட்டது. ஐபிஎல் ஏலம் மாதிரி பணம் வைத்து ஆளைத் தூக்குகிற இடமில்லை இது. பிளேஆஃபுக்குப் போகாத அணிகளுக்குக் குலுக்கல் போட்டு முன்வரிசை முடிவாகிறது. முன்பெல்லாம் கடைசி இடத்து அணிக்கு முதல் பிக் கிடைக்க 25 சதவீத வாய்ப்பு. 2019இல் அதைக் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம் என்று குறைத்தார்கள், மிக மோசமான அணி ஐந்தாவது இடம் வரை சரியலாம் என்றும் ஆனது. டெட்ராய்ட் 2023, 2024 இரண்டு வருடமும் கடைசி. இரண்டு முறையும் ஐந்தாவது பிக். யூட்டா 2025இல் 17-65 என்று முடித்தது; அதற்கும் ஐந்தாவதுதான். முதல் பிக்கையும் அதன் மூலம் இளம் வீரர் கூப்பர் ஃபிளாக்கையும் தட்டிக்கொண்டு போனது, 1.8 சதவீத வாய்ப்பு மட்டுமே இருந்த டல்லஸ். தன் நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சை டிரேடில் கொடுத்து ஊரெல்லாம் திட்டு வாங்கிய மூன்றே மாதத்தில்.

யூட்டாவை ஏன் திட்டுகிறார்கள் என்கிறீர்கள். ஆடக்கூடிய லாரி மார்கனனை உட்கார வைத்ததற்காக 2025 மார்ச்சில் ஒரு லட்சம் டாலர் அபராதமே போட்டது லீக். டிக்கெட் வாங்கி வந்தவன் திட்டாமல் என்ன செய்வான்?

சரி, பிக்குகளைக் கொடுத்து நட்சத்திரம் வாங்குகிறவர்கள் முட்டாள்களா? எல்லோரும் இல்லை. 2019இல் ஆந்தனி டேவிஸுக்காக லேக்கர்ஸ் மூன்று முதல் சுற்று பிக்குகளையும் இளம் வீரர்களையும் கொடுத்தது. அடுத்த வருடமே கோப்பை. மில்வாக்கி ஜ்ரூ ஹாலிடேவுக்கு அதே மாதிரி கொடுத்தது, 2021இல் கோப்பை. லேக்கர்ஸிடம் லெப்ரான், மில்வாக்கியிடம் யானிஸ் என்று ஆளுக்கொரு பெரிய நட்சத்திரம் ஏற்கெனவே இருந்தார்கள். கோப்பைக்குத் தேவைப்பட்டது இன்னும் ஒரே ஒரு ஆள்தான்.

முட்டாள்தனம் பார்க்க வேண்டுமென்றால் ஃபீனிக்ஸுக்குப் போங்கள். 2023இல், 34 வயது கெவின் டுரான்டுக்காக மிகல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சனோடு 2023, 2025, 2027, 2029 பிக்குகளையும் கொடுத்தார்கள். ஏன் ஒன்றுவிட்டு ஒன்று? அடுத்தடுத்த வருட முதல் சுற்று பிக்குகளை விற்றுவிட்டு வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று விதி. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்ட் முதலாளி டெட் ஸ்டெபியன் பிக்குகளை அள்ளி இறைத்ததைப் பார்த்து லீக் போட்ட பூட்டு அது. இடைப்பட்ட 2028க்கு ஃபீனிக்ஸ் ஸ்வாப் கொடுத்து அந்தப் பூட்டையும் சுற்றிக்கொண்டு போனது. 2025இல் பிளேஆஃபே இல்லை. டுரான்டை ஹூஸ்டனுக்கு அனுப்பியபோது திரும்பி வந்தவற்றில் ஒன்று 10ஆவது பிக். அது கைமாறிக் கைமாறி ஹூஸ்டன் போயிருந்த ஃபீனிக்ஸின் சொந்த பிக்!

யூட்டாவும் 2022இல் பிரெஸ்டி மாதிரியேதான் விற்றது. தன் நட்சத்திரங்களில் கோபேரை மின்னசோட்டாவுக்கு, மிட்சலைக் கிளீவ்லாண்டுக்கு. பதிலுக்கு மூட்டை மூட்டையாக பிக்குகள். ஆனால் வாங்கியவர்கள் கெட்டுப்போகவில்லை. மின்னசோட்டா 2024, 2025 இரண்டு வருடமும் மேற்குப் பிரிவின் இறுதிக்குப் போனது, கிளீவ்லாண்ட் 64 ஆட்டம் ஜெயித்தது. நன்றாக ஆடுகிற அணியின் பிக் வரிசையின் வால் பக்கம்தான் விழும். இதைப் புரிந்துகொண்டுதான் 2025 ஜனவரியில் யூட்டா அப்படிப்பட்ட சில்லறை பிக்குகள் மூன்றைக் கொடுத்து, ஃபீனிக்ஸின் 2031ஆம் வருடத்து பிக் ஒன்றை வாங்கியது. யூட்டா செய்ததில் எனக்குப் பிடித்த காரியம், தோற்றதைவிட, இதுதான்.