வேலையை விட்டபின் போட்டி நிறுவனத்தில் சேரத் தடை போட முடியுமா?

‘விலகியபின் ஓராண்டுக்குப் போட்டி நிறுவனத்தில் சேரமாட்டேன்’ என்று பணி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதே போட்டித் தடை நிபந்தனை. பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் வேலைபார்க்கும் நம்மவர்கள் இதற்கு அஞ்சி நல்ல வாய்ப்பைக் கைவிட வேண்டாம். ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. பிழைப்புக்கான வழியை அடைக்க முதலாளிக்கு உரிமை இல்லை என்பதே அதன் அடிப்படை. பணியில் இருக்கும் காலத்துக்கான தடை மட்டும் பொதுவாகச் செல்லும். 1967இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

வீட்டைக் காலி செய்தவரிடம் ‘அடுத்த தெருவில் குடியேறாதே’ என்று வீட்டுக்காரர் சொல்ல முடியாது. ஆனால், அவர் வீட்டு மின்விசிறியைக் கழற்றிச் சென்றால் வழக்குப் போடலாம். நிறுவனத்தின் ரகசியங்களும் வாடிக்கையாளர் பட்டியலும் அந்த மின்விசிறிதான்.

கையெழுத்துப் போட்டதாலேயே கட்டுப்பட வேண்டும் என்று பலர் நினைப்பது தவறு. சட்டப்படி செல்லாத நிபந்தனைக்குக் கையெழுத்து உயிர் கொடுத்துவிடாது.