மிக்சர் வெளியீட்டுக்கு பயாஸ் எதற்கு? ரெசிஸ்டரா, காயிலா?

மிக்சர் இரண்டு அலைகளைக் கலந்து புதிய அலை தரும் சர்க்கிட். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸோடு 1391-ஐக் கலந்தால் இரண்டின் வித்தியாசமான 455 கிடைக்கும். அதன் வெளியீட்டு டிரான்சிஸ்டருக்கு, சிக்னல் வருமுன்பே நிலையாகக் கொடுத்து வைக்கும் டிசி மின்சாரம்தான் பயாஸ்.

எதற்கு? நம் டெல்டா வாய்க்காலைப் பாருங்கள். பாதியளவு தண்ணீர் நின்றால்தான் அலை மேலும் கீழும் ஆட இடமிருக்கும். வற்றிக் கிடந்தால் அடி தரைதட்டும், கரை தொட நின்றால் மேலே வழிந்துவிடும். சிக்னலும் அப்படித்தான் வெட்டுப்படும்.

சரி, பயாஸை எப்படிக் கொடுப்பது? பல மிக்சர் ஐசிகளில் வெளியீட்டு கலெக்டர் (டிரான்சிஸ்டரிலிருந்து சிக்னல் வெளிவரும் முனை) உள்ளே சப்ளையோடு இணைக்கப்படாமல் திறந்தே இருக்கும். சப்ளையை நாம்தான் வெளியிலிருந்து தர வேண்டும். 5 வோல்ட்டில் 200 ஓம் ரெசிஸ்டர் வழியாக 10 மில்லிஆம்பியர் ஓடினால் 2 வோல்ட் அங்கேயே போய்விடும், மிச்சம் 3 தான். காயில் போட்டால் கிட்டத்தட்ட முழு 5 வோல்ட்டும் கலெக்டருக்கு வரும், மல்டிமீட்டர் வைத்தாலே தெரியும். ரேடியோ அலையையோ காயில் தடுத்துவிடும், அது சப்ளைப் பக்கம் தப்பாது. கலெக்டரில் சிக்னல் 5 வோல்ட்டுக்கு மேலேயும் ஏறி இறங்கும். அதனால் என் ஓட்டு காயிலுக்கே.

காயில் வெறும் கம்பிதானே, ஷார்ட் ஆகிவிடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது, மின்னோட்டத்தின் அளவைத் தீர்மானிப்பது ஐசிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள்தான்.