பாடத்தைக் குறைத்ததால் செவிஸ் பதிவு போய்விட்டது: எஃப்-1 மாணவர் இனி என்ன செய்யலாம்?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு ஈரோடு பக்கம் ஒரு கிராமம். டெக்ஸாஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். டேட்டா சயின்ஸ் இரண்டாவது செமஸ்டர் படிக்கிறேன். ஜனவரியிலிருந்து சரியான தூக்கம் இல்லை, வகுப்பில் உட்கார்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது. வளாக மருத்துவ மையத்து டாக்டர், பேனிக் அட்டாக் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். சமாளிக்க முடியாமல் பிப்ரவரி 16 அன்று மூன்று பாடங்களில் ஒன்றை நானே போர்ட்டலில் டிராப் செய்துவிட்டேன். 9 கிரெடிட் 6 ஆனது. யாரிடமும் கேட்கவில்லை. ஏப்ரல் 10 அன்று சர்வதேச மாணவர் அலுவலகத்திலிருந்து, அனுமதி இல்லாமல் முழுப் பாடச்சுமைக்குக் கீழே போனதால், வெளிநாட்டு மாணவர்களை அமெரிக்க அரசு கண்காணிக்கும் கணினிப் பதிவேடான செவிஸில் என் பதிவு நீக்கப்பட்டது என்று மெயில் வந்தது. ஆனால் பாஸ்போர்ட்டில் விசா 2029 வரை இருக்கிறதே? ஒரு நண்பன் சும்மா இரு, ஒன்றும் ஆகாது என்கிறான். இன்னொருவன் மெக்சிகோ போய்த் திரும்பி வா என்கிறான். மூன்றாவது ஆள், முதல் நாளே சிபிடி, அதாவது படிக்கும்போதே வெளியே வேலை பார்க்கும் அனுமதி, தரும் ஒரு கல்லூரிக்கு மாறச் சொல்கிறான். வளாக உணவகத்தில் வாரம் 12 மணி நேரம் வேலை பார்க்கிறேன். வெளியே ஓர் இந்திய ஹோட்டலிலும் கூப்பிடுகிறார்கள். அப்பா வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கித்தான் அனுப்பினார். வைகாசிக் கடைசியில் தங்கைக்குக் கல்யாணம். வீட்டில் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

பதில்: தம்பி, பயப்பட வேண்டிய விஷயம்தான், ஆனால் கை மீறிப் போகவில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்தவர்கள் செய்யும் தவறுகளில் சட்டம் திருத்திக்கொள்ள இடம் தரும் சிலவற்றில் உங்களுடையதும் ஒன்று. அந்த இடத்தை நீங்களே அடைத்துவிடாமல் இருக்க, இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். வளாக உணவக வேலையை நிறுத்துங்கள். இந்திய ஹோட்டல் பக்கம் போகவே வேண்டாம்.

வேலையை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இழந்த மாணவர் நிலையைத் திரும்பப் பெறும் வழிக்கு ரீஇன்ஸ்டேட்மென்ட் என்று பெயர். அதற்கான நிபந்தனைகளில் ஒன்று, அனுமதியில்லாத வேலை எதுவும் பார்த்திருக்கக் கூடாது என்பது. சம்பளத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுத்தாலும், நண்பன் கணக்கில் போட்டாலும், சாப்பாடும் தங்க இடமும் மட்டும் தந்தாலும் அது வேலைதான். எஃப்-1 மாணவருக்கு வளாகத்துக்குள் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கும் உரிமை இருப்பது, அவர் மாணவர் நிலையில் இருக்கும் வரைக்கும்தான். மெயில் வந்த பிறகும் உணவகத்துக்குப் போனீர்களா? போயிருந்தால் எந்தத் தேதி வரை என்று எழுதி வையுங்கள். பிப்ரவரி 16-க்குப் பிறகு பார்த்த வேலை பற்றியே கேள்வி வரலாம். வழக்கறிஞரிடம் அதை மறைக்காதீர்கள்.

அடுத்து, 2029 வரை இருக்கும் விசா. விசா என்பது அமெரிக்க வாசல் வரை வந்து உள்ளே விடும்படி கேட்க உதவும் தாள். உள்ளே வந்த பிறகு நீங்கள் இங்கே சட்டப்படி இருக்கிறீர்களா என்பதை கல்லூரி தரும் சேர்க்கைச் சான்றான ஐ-20-யும் செவிஸ் பதிவும், நாட்டுக்குள் நுழைந்த பதிவான ஐ-94-உம்தான் தீர்மானிக்கின்றன. விசா காலாவதியாகியும் ஒழுங்காகப் படித்துக்கொண்டு சட்டப்படி இங்கே இருப்பவர்கள் நிறையப் பேர். விசாவில் இன்னும் வருடங்கள் மிச்சம் இருந்தும் நிலையை இழந்தவர்களும் உண்டு. நீங்கள் இப்போது இரண்டாவது வகை.

சும்மா இருக்கச் சொல்லும் நண்பர் ஒரு பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் ஐ-94-இல் வெளியேறும் தேதி இருக்காது, டி/எஸ் என்று போட்டிருக்கும். படிப்பும் நிலையும் நீடிக்கும் வரை தங்கலாம் என்று அர்த்தம். அப்படி வந்தவர்களுக்கு, குடியேற்றத் துறையோ குடியேற்ற நீதிபதியோ நிலையை மீறிவிட்டார் என்று முறைப்படி முடிவு சொல்லும் வரை, பிற்காலத் தடைக்கான நாட்கணக்கு தொடங்காது. அதாவது மூன்று வருடத் தடை, பத்து வருடத் தடை என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அந்தக் கணக்கு உங்களுக்கு இன்னும் ஓடவில்லை. ஆனால் அதற்காக இங்கே இருக்க அனுமதி இருக்கிறது என்று ஆகிவிடாது. நாடு கடத்தும் நடவடிக்கை எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். படிப்பு முடித்தவருக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசமும், முன்கூட்டியே அனுமதி பெற்று விலகியவருக்குக் கிடைக்கும் 15 நாளும் உங்களுக்குக் கிடையாது.

இன்னொரு கணக்கோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. நிலை தவறிய ஐந்து மாதத்துக்குள் ரீஇன்ஸ்டேட்மென்ட் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் விதிவிலக்கான காரணம் காட்ட வேண்டியிருக்கும், அது கடினம். உங்கள் விஷயத்தில் அந்த நாட்களைப் பதிவு நீக்கிய ஏப்ரல் 10-இலிருந்து எண்ண வேண்டாம், பாடத்தை விட்ட பிப்ரவரி 16-இலிருந்தே எண்ணுங்கள். ஜூலை நடுவில் கதவு மூடுகிறது. மே மாதத்துக்குள் அனுப்பிவிட்டால் நிம்மதி.

இனி உங்கள் பக்கம் இருக்கும் பலம். பாடத்தைக் குறைப்பது எப்போதும் தவறு என்று சட்டம் சொல்லவில்லை. உடல்நிலை காரணமாக டாக்டரின் கடிதத்தோடு முன்கூட்டியே கேட்டிருந்தால், உங்கள் பல்கலைக்கழகத்தின் டிஎஸ்ஓ, அதாவது செவிஸில் பதியும் அதிகாரம் உள்ள அலுவலர், அனுமதி கொடுத்திருக்க முடியும். ஒரு படிப்பு நிலைக்கு மொத்தம் 12 மாதம் வரை அப்படிக் கொடுக்கலாம். தேவைப்பட்டால் ஒரு பாடம்கூட எடுக்காமல் இருக்கவும் வழி உண்டு. ரீஇன்ஸ்டேட்மென்ட் விதி, டிஎஸ்ஓ அனுமதித்திருக்கக்கூடிய பாடச்சுமைக் குறைப்பைத் தனியாகவே குறிப்பிட்டு ஏற்கிறது. அப்புறம், நிலையைத் திருப்பித் தராவிட்டால் மிகப் பெரிய கஷ்டம் நேரும் என்பதையும் காட்ட வேண்டும். வீட்டின் மேல் இருக்கும் கடன் பத்திரம் அங்கே பேசும்.

ஆகவே டிஎஸ்ஓவை நேரில் போய்ப் பாருங்கள். அவர் மேல் கோபம் வேண்டாம். மாணவர் நிலை தவறியது தெரிந்தால் 21 நாளுக்குள் அவர் செவிஸில் சொல்லியாக வேண்டும், அது அவர் கடமை. ரீஇன்ஸ்டேட்மென்ட்டுக்குப் பரிந்துரைக்கும் புது ஐ-20-ஐ அவரிடம் கேளுங்கள். அது இல்லாமல் விண்ணப்பமே இல்லை. வளாக டாக்டரிடம், எந்தத் தேதிகளில் பார்த்தார், என்ன நோய், அந்தப் பாடச்சுமையை உங்களால் ஏன் தாங்க முடியவில்லை என்று தெளிவாகக் கடிதம் வாங்குங்கள். மதிப்பெண் பட்டியல், கட்டணம் கட்ட வழி இருக்கிறது என்பதற்கான சான்று, நடந்ததை நீங்களே எழுதிய ஒரு கடிதம் எல்லாம் ஐ-539 படிவத்தோடு குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ்-க்குப் போகும். உங்கள் கடிதத்தில் விதி தெரியாது என்று மட்டும் எழுதாதீர்கள், அது யாரையும் அசைக்காது. தூக்கமில்லாத இரவுகளைப் பற்றி, டாக்டரைத் தேடிப் போனதைப் பற்றி உள்ளபடி எழுதுங்கள்.

முடிவு வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை முழுநேரமாகப் படிக்க வேண்டும், வேலை பார்க்கக் கூடாது, நாட்டை விட்டுப் போகவும் கூடாது. போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக ஆகிவிடும். மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. மறுநாளிலிருந்து அந்தத் தடைக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். 180 நாளைத் தாண்டிய பிறகு வெளியேறினால் மூன்று வருடம், ஒரு வருடம் ஆனால் பத்து வருடம் திரும்பி வர முடியாது. எனவே மறுப்பு வந்தால் உடனே கிளம்பத் தயாராக இருங்கள்.

மற்ற வழி, இப்போதே ஊருக்குப் போவது. பல்கலைக்கழகம் புது செவிஸ் எண்ணோடு புது ஐ-20 கொடுத்தால், 350 டாலர் செவிஸ் கட்டணத்தை மறுபடி கட்டி, புதிதாக வருபவர் போல வரலாம். சிபிடி, ஓபிடி (படிப்பு சார்ந்த வேலைப் பயிற்சி அனுமதி) பெறத் தேவையான ஒரு கல்வியாண்டும் முதலிலிருந்து தொடங்கும். நீங்கள் இரண்டாவது செமஸ்டரில்தான் இருப்பதால் அதில் பெரிய இழப்பு இல்லை. ஆபத்து விசாவில்தான். பழைய விசாவை நம்பி விமானம் ஏறச் சொல்ல மாட்டேன், சென்னைத் துணைத் தூதரகத்தில் புதிதாகக் கேட்பதே பாதுகாப்பு. விசா விண்ணப்பமான டிஎஸ்-160 படிவத்தில் அமெரிக்க விசா நிபந்தனையை எப்போதாவது மீறியதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஆம் என்று எழுதி விளக்க வேண்டும். இல்லை என்று எழுதி மாட்டினால் பொய்த் தகவல் என்ற பெயரில் வாழ்நாள் தடை வரக்கூடும். உண்மையைச் சொன்னாலும் விசா மறுக்கப்படலாம். அப்போது கடன் மட்டும் மிஞ்சும்.

என் கருத்தைக் கேட்டால், டாக்டர் கடிதமும் டிஎஸ்ஓ பரிந்துரையும் கிடைத்து, அடுத்த செமஸ்டரில் முழுப் பாடமும் எடுக்க உடம்பு இடம் கொடுத்தால் இங்கேயே இருந்து விண்ணப்பியுங்கள். தங்கை கல்யாணத்துக்குப் போக முடியாது. இது எவ்வளவு கனமான விஷயம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். டாக்டர் ஓய்வு வேண்டும் என்றால் பேச்சே வேண்டாம், ஊருக்குப் போங்கள். கல்யாணத்தில் இருங்கள், உடம்பைத் தேற்றிக்கொண்டு அப்புறம் விசாவுக்குப் போகலாம்.

மெக்சிகோ யோசனையை மறந்துவிடுங்கள். எல்லையில் இருக்கும் அதிகாரியின் திரையில் உங்கள் பதிவு நீக்கப்பட்டது தெரியும். அங்கேயே துரித வெளியேற்ற உத்தரவு போட்டால் ஐந்து வருடத் தடை.

கல்லூரி மாறினாலும் நிலை தானாகத் திரும்பி வராது, புதுக் கல்லூரி வழியாகவும் இதே ரீஇன்ஸ்டேட்மென்ட்டைத்தான் கேட்க வேண்டும். முதல் நாளே சிபிடி என்று கூவி ஆள் பிடிக்கும் இடங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. மிச்சிகனில் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்ற பெயரில் அமெரிக்கக் குடியேற்ற அமலாக்கத் துறையே ஒரு போலிக் கல்லூரி நடத்திய விவரம் 2019 ஜனவரியில் வெளியே வந்தது. ஆள் சேர்த்துவிட்ட எட்டுப் பேர் மீது குற்ற வழக்கு. அதில் சேர்ந்து பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் இந்தியப் பிள்ளைகள். வகுப்பே இல்லாத கல்லூரியில் வேலை அனுமதிக்காக மட்டும் சேர்ந்தது அவர்களுக்கே எதிராகப் போனது.

2025 ஏப்ரலில் அரசே ஆயிரக்கணக்கான மாணவர்களின் பதிவுகளை நீக்கி, வழக்குகளுக்குப் பிறகு திருப்பிக் கொடுத்ததைச் சொல்லி வழக்குப் போடலாம் என்று யாராவது கிளம்புவார்கள். அந்த மாணவர்களில் பலர் நிலையை மீறவே இல்லை. உங்கள் கதை வேறு.

அப்பாவிடம் இந்த வாரமே சொல்லுங்கள். பணச் சான்றுக்கும் கடன் பத்திர நகலுக்கும் அவர் உதவி எப்படியும் வேண்டும். இந்த நிலையில் இதைத் தனியாகச் சுமப்பது உங்கள் உடம்புக்கு நல்லதில்லை. சிகிச்சையையும் விடாதீர்கள். வழக்கறிஞர் கட்டணம் கையைக் கடித்தால், முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கான சட்ட உதவி அலுவலகம் இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் முதல் ஆலோசனை இலவசம். ஏஜென்ட்டிடமோ நோட்டரியிடமோ படிவத்தைக் கொடுக்க வேண்டாம், சட்ட ஆலோசனை சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. போகும்போது ஐ-20-கள் எல்லாம், ஐ-94 அச்சு, ஏப்ரல் 10 மெயில், உணவகச் சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றை எடுத்துப் போங்கள்.