அப்புச்சியின் தகரப் பெட்டியும் சுவரில் இருந்த கலயமும்

கேள்வி: கரூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அம்மா 2012-ல் இறந்துவிட்டார். அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, போன வருடம் தவறினார். உயில் எழுதவில்லை. அமராவதி ஆற்றில் மணல் அரிப்பவர்களிடம் பழைய காசுகளை வாங்கிச் சேர்ப்பது அவர் பழக்கம். அந்தக் காசுகள் இருக்கும் தகரப் பெட்டியை அம்மாயி (அம்மாவின் அம்மா) என்னிடம் கொடுத்து, "நீயே வெச்சுக்க கண்ணு" என்றார். "அதெல்லாம் கவர்மெண்ட் சொத்து, வைத்திருந்தால் ஜெயில், என்னிடம் கொடு" என்று மாமா மிரட்டுகிறார். ஆனால் அப்புச்சியின் பழைய வீட்டை இடித்தபோது சுவரிலிருந்து கொத்தனார் எடுத்துக் கொடுத்த ஒரு கலயம் காசு அவரிடம் இருக்கிறது. இரண்டு மாதமாக யாருக்கும் சொல்லவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, அங்கே நல்ல விலை கிடைக்கும் என்கிறான். நெட்டில் படம் போட்டதும் ஒருவர் போன் செய்து, ஒரு காசுக்கு 8 லட்சம் தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்கிறார். இவை என்ன காசுகள்? யாருக்குச் சொந்தம்? புளி போட்டுத் தேய்த்தால் எழுத்து தெரியுமா?

பதில்: சகோதரிக்கு, நீங்கள் அனுப்பிய படங்களில் கடைசிப் படத்தைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு போட்ட 40 பக்க நோட்டு. ஊதா மையில் தேதி, வாங்கிய ஆளின் பெயர், பக்கத்திலேயே "ஆனை காசு, சதுரம் 1, ரூ.12" என்று அப்புச்சியின் கையெழுத்து. அந்த நோட்டை இன்றே ஒரு நகல் எடுத்துவிட்டு, அசலைப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். பழங்காசு வழக்குகளில் காசு எப்படிக் கைக்கு வந்தது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு உங்கள் பெட்டியிடம் பதில் இருக்கிறது. மாமாவின் கலயத்திடம் இல்லை.

பழங்காசு வைத்திருப்பது குற்றமில்லை. 1972-ம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு வயதைத் தாண்டிய நாணயம் தொல்பொருள்தான். ஆனால் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டியவை என்று அரசு அறிவித்திருப்பது சிலைகள், ஓவியங்கள், சித்திரங்கள் உள்ள சுவடிகள் போன்றவற்றை. காசு அந்தப் பட்டியலில் இல்லை. தேவைப்பட்டால் உரிய ஈடு கொடுத்து எடுத்துக்கொள்ளும் அதிகாரம் மத்திய அரசுக்கு உண்டு, அவ்வளவுதான். மாமா சொல்லும் ஜெயில் பெட்டிக்குப் பொருந்தாது.

அவருடைய கலயத்துக்குத்தான் பொருந்தும். 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்தது மட்டும் புதையல் என்று பலர் நினைக்கிறார்கள். மண்ணோடு நிலையாகப் பிணைந்த எதற்குள் மறைந்திருந்தாலும் புதையல் என்கிறது சட்டம். வீட்டுச் சுவர் அதில் அடக்கம். மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே, கண்டெடுத்தவர் முடிந்த அளவு சீக்கிரம் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி. பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும், அல்லது ஆட்சியர் கேட்கும் பிணை கொடுக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கிடைக்க வேண்டிய பங்கும் அரசுக்குப் போய்விடும். இடத்தின் சொந்தக்காரர் மறைக்க உடந்தையாக இருந்தால் அவருக்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. அந்த வீட்டில் உங்களுக்கும் பங்கு இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

ஆட்சியர் அறிவிப்பு கொடுத்து உரிமை கோருபவர்களை விசாரிப்பார். அப்புச்சியோ அவர் அப்பாவோ ஒளித்து வைத்தது என்று காட்ட முடிந்தால், உங்கள் குடும்பம் உரிமை கேட்கலாம். உரிமையாளர் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, இடத்தின் சொந்தக்காரருக்குக் கால் பங்கு. இங்கே கண்டெடுத்தவர் யார்? சுவரில் கை விட்டு எடுத்த கொத்தனாரும் கேட்கலாம். காசுகளை அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால், உலோக மதிப்பையும் அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்கும். மாமாவிடம் சண்டைக்குப் போகாமல் இதை எடுத்துச் சொல்லுங்கள். இரண்டு மாதத் தாமதம் நல்லதல்ல. ஆனால் தானாக மனு கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்பவரின் நிலை வேறு, புகார் வந்து பிடிபடுபவரின் நிலை வேறு.

சரி, பெட்டிக்கு வருவோம். கண்டெடுத்ததைத் தெரிவிக்கும் கடமை மணல் அரித்தவருடையது. விலை கொடுத்து வாங்கியவரின் பேத்தி கண்டெடுத்தவர் ஆகமாட்டார். நாளை யாராவது கேட்டால் நோட்டைக் காட்டுங்கள்.

ஆனால் பெட்டி முழுவதும் உங்களுடையது இல்லை. அப்புச்சி உயில் எழுதாததால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாயி, மாமா, உங்கள் அம்மாவின் கிளை என்று மூன்று சம பங்கு. அம்மாவின் பங்கு உங்களுக்கும் தம்பிக்கும். உங்கள் அப்பாவுக்கு இதில் பங்கு வராது. அம்மாயி தன் பங்கைத் தாராளமாக உங்களுக்குத் தரலாம். அசையும் பொருளைத் தானமாகக் கொடுக்கப் பத்திரம் வேண்டியதில்லை, மனமுவந்து கையில் கொடுத்தாலே செல்லும். மாமாவின் பங்கைக் கொடுக்க மட்டும் அவரால் முடியாது. அப்படிப் பார்த்தால் உங்களுக்கு ஆறில் மூன்று, மாமாவுக்கு இரண்டு, தம்பிக்கு ஒன்று. அப்புச்சி உயிரோடு இருக்கும்போதே பெட்டியை அம்மாயிக்குக் கொடுத்திருந்தால் கணக்கே மாறும். அதை அம்மாயியிடம் நிதானமாகக் கேட்டு, அவர் சொல்வதை எழுதி வாங்குங்கள். அவர் தெளிவாகப் பேசும்போதே செய்யுங்கள்.

தம்பியிடம் இன்றே பேசுங்கள். ஒரே ஒரு காசானாலும் பயணப் பெட்டியில் வைத்தோ கூரியரிலோ வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தொல்பொருளைத் தனிநபர் ஏற்றுமதி செய்தால் குறைந்தது ஆறு மாதம், அதிகம் மூன்று ஆண்டு சிறையும் அபராதமும். உள்நாட்டில் சொந்தக் காசை ஒரு தடவை விற்பது வேறு. அதையே தொழிலாகச் செய்தால் உரிமம் வேண்டும். விற்றால் லாபத்துக்கு வரியும் உண்டு, ஆடிட்டரைக் கேளுங்கள்.

பதிவுக் கட்டணம் கேட்கும் ஆளின் நம்பரை பிளாக் செய்யுங்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு வியாபாரத்துக்குக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள்.

என்ன காசுகள் என்று கேட்டீர்கள். நான் வக்கீல், நாணய அறிஞன் இல்லை. இருந்தாலும் படத்தில் தெரிவதைச் சொல்கிறேன். யானையும் வில் அம்பும் உள்ள சதுரச் செப்புக்காசு சங்க காலச் சேரர் வகையாக இருக்கலாம். அமராவதி ஆற்றில் அவை நிறையவே கிடைத்திருக்கின்றன, ரோமானியக் காசுகளும்தான். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவத்தோடு நாகரி எழுத்து என்றால் ராஜராஜன் காசு. பெருமைக்குரியது, ஆனால் அபூர்வமில்லை, லட்சம் பெறாது. ஒரு பக்கம் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் "விஜய" என்றால் புதுக்கோட்டை அம்மன் காசு. 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் உள்ளதை ஓரமாக வைத்துவிடுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததில்லை. கரூர் அரசு அருங்காட்சியகத்திலோ, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவிலோ காட்டிக் கேளுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு காசையும் இரு பக்கமும் படமெடுத்து, எடையும் குறித்து, மாமாவையும் உட்கார வைத்துப் பட்டியல் போட்டு எல்லோரும் கையெழுத்திடுங்கள். யாரிடமாவது விட்டுவிட்டு வந்தால் எண்ணிக்கை எழுதிய ரசீது இல்லாமல் நகராதீர்கள்.

புளி வேண்டவே வேண்டாம். என்னிடம் வந்த ஒருவர் தன் தாத்தாவின் செப்புக்காசைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கிப் புதுச் சொம்பு மாதிரி ஆக்கிக் கொண்டுவந்தார். எழுத்து இருந்த இடம் வழவழவென்று இருந்தது. மண் ஒட்டியிருந்தால் ஒட்டியபடியே இருக்கட்டும். காசுக்கு ஒரு காகித உறை, உறையின் மேல் நோட்டில் உள்ள வரிசை எண். அது போதும்.