மூட்டு அசைவையும் தசை பலத்தையும் அளக்கும்போது நோயாளி எப்படிப் படுத்திருக்கிறார் என்பது அவ்வளவு முக்கியமா?

ஆமாம். மூட்டுக் கோணத்தை அளக்கக் கையில் வைத்திருக்கும் கருவியான கோனியோமீட்டரைவிட முக்கியம்.

நான் மும்பையில் பிசியோதெரபிஸ்ட். மாட்டுங்கா, செம்பூர் பக்கம் வீடுகளுக்கும் போய்ப் பார்ப்பேன். தோள் இறுகிப்போன மாமி ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்துக் கையைத் தூக்கச் சொன்னால், பரவாயில்லையே என்று தோன்றும் அளவுக்குத் தூக்கிவிடுவார். பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் விஷயம் தெரியும். முதுகு பின்னால் வளைந்து, விலா முன்னால் தள்ளிக்கொண்டு வந்திருக்கும். அவரையே மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி, இடுப்பு மெத்தையில் நன்றாகப் படிந்தபிறகு தூக்கச் சொல்லுங்கள். "என்னம்மா இது, இப்ப பாதியிலேயே நின்னுடறதே?" என்பார். அதுதான் தோளின் நிஜமான அளவு.

இரண்டு மூட்டுகளைத் தாண்டிப் போகும் தசைகளிடம் இன்னும் கவனம் வேண்டும். முழங்காலை மடக்கிக்கொண்டு தொடையை வயிற்றுப் பக்கம் கொண்டுவந்தால் ஏறக்குறைய 120 டிகிரி வரும். காலை நீட்டியபடியே தூக்கினால் பின்தொடைத் தசை இழுத்துப் பிடித்து 80 சொச்சத்திலேயே நிறுத்திவிடும். கணுக்காலும் அப்படித்தான். பாதத்தை மேலே மடக்குவதை அளக்க, முழங்காலுக்கடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது கெண்டைக்கால் தசையின் இறுக்கத்தை.

தசை பலத்தில் நிலை மாறினால் கிரேடே, அதாவது பலத்துக்கு 0 முதல் 5 வரை போடும் மதிப்பெண்ணே, மாறிவிடும். ஈர்ப்பு விசையை எதிர்த்து முழுதாக அசைத்தால்தான் 3. இடுப்பிலிருந்து காலைப் பக்கவாட்டில் விரிக்கும் தசைக்கு, சோதிக்கிற கால் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டும். மல்லாந்து படுத்துக் காலைப் படுக்கையோடு தேய்த்துக்கொண்டு போனால் அது 2 தான். ஒருக்களித்திருக்கும்போதும் இடுப்பெலும்பை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பலம் குறைந்தவர் தன்னையறியாமல் உடம்பைப் பின்னால் சாய்ப்பார், விரல்கள் கூரையைப் பார்க்கத் திரும்பும். வேலை முன்தொடைத் தசைகளுக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

மும்பை வீடுகளில் கட்டில் சுவரோடு ஒட்டியிருக்கும். தயங்காமல் கொஞ்சம் இழுத்துப் போடச் சொல்லுங்கள், அந்தப் பக்கமும் நின்றாக வேண்டும். புடவை கட்டியிருப்பவர்களிடம் முந்தின நாளே போனில் தளர்வான உடை பற்றிச் சொல்லிவிடுவது மரியாதை. அப்புறம், ஒவ்வொரு மூட்டுக்கும் புரட்டிப் புரட்டிப் போடாதீர்கள். உட்கார்ந்து செய்வதெல்லாம் ஒருமுறை, மல்லாந்து செய்வதெல்லாம் ஒருமுறை, பிறகு ஒருக்களித்து, கடைசியில் குப்புற. வலியோடு இருப்பவருக்கு ஒருதரம் திரும்பிப் படுப்பதே பெரிய பாடு.

இடுப்பு மூட்டு மாற்றியவரையோ மூச்சு வாங்குபவரையோ சொன்ன நிலையில் படுக்கவைக்க முடியாமல் போகலாம். முடிகிற நிலையில் அளந்து, எந்த நிலை என்பதையும் எழுதுங்கள். "வலது தோள், மல்லாந்து, முழங்கால் மடக்கி, தானாகத் தூக்கியது: 0–130" என்று இருந்தால், அடுத்த மாதம் வேறொருவர் வந்தாலும் அதே மாதிரி படுக்கவைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.